அந்த செல்லோடேப்ப நான் பிரிக்கத்தான் போறேன்

நேத்துலேருந்து சொந்தக்காரங்க குரூப் எல்லாத்துலயும் சுத்துதே ஒரு வீடியோ, அதப் பத்திதான். சிரிச்சு ஸ்மைலி போட்டவங்க கோவிச்சுக்காதீங்க, எனக்கு சிரிப்பு வரல. அதுல, வாயால சொன்னா லைட்டு காத்தாடி போடுற ஸ்பீக்கர் டப்பாகிட்டப் பேசிக்கிட்டு இருக்குறது எங்க அப்பத்தா.

பொம்பளப் புள்ள குரல்ல பேசுதேன்னு "ஆத்தா, காத்தாடியக் கொஞ்சம் போட்டு விடு ஆத்தா"ன்னு மூணு வாட்டி கேக்குறாக. புரியாதது அந்த டப்பாவுக்கு, கேலிப்பேச்சு அப்பத்தாவுக்கா?

"கத்துக்கிட்டா என்ன"ம்பீங்க. கத்துக்கிட்டாக! "டர்ன் ஆன் ஃபேன்"னு தமிழ்ல ஒரு துண்டுச் சீட்டுல எழுதி தலகாணிக்கு அடியில வச்சிருக்காக, நானே பாத்தேன். வட்டிக் கணக்கு பைசா சுத்தமா மனசுலயே போடுறவுக, 81 வயசுல சொந்த வீட்டுல காத்து வாங்க சீட்டப் பாத்துப் படிக்கணுமா? இதே மாதிரி அமேசானோட எக்கோ ஸ்பீக்கர் இந்தியாவுக்கு வந்தது 2017, 2019-லயே அதுல ஹிந்தி வந்துருச்சு. எங்க வீட்டுல இருக்குறது வேற டப்பா, அதுல மொழி லிஸ்ட் முழுக்கத் தேடிட்டேன், தமிழ் இல்ல. "போன்ல கூகுள் தமிழ் கேக்குதே"ன்னு வராதீங்க, அப்பத்தா வச்சிருக்கிறது பட்டன் போன்.

நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்லங்க. கை கால் விழுந்து படுத்திருந்த எங்க அம்மானுக்கு வாயால லைட் போட முடிஞ்சது பெரிய ஆறுதல். ஆனா நடமாடுற மனுஷி கையிலேருந்து சுவிட்ச்சப் புடுங்காதீங்க.

புடுங்கத்தான் செஞ்சிருக்கீங்க. சுவிட்ச்ச அமத்துனா பல்பு டப்பா பேச்சக் கேக்காதுன்னு வளவு, அதான் வீட்டு நடு முத்தம், அங்க இருக்குற சுவிட்ச் எல்லாத்துலயும் செல்லோடேப். நாம சொல்றது எங்கயோ இருக்குற சர்வருக்குப் போய்த் திரும்பி வந்தாத்தான் லைட் எரியும். போன மாசம் ஒருநாள் ராத்திரி நெட் இல்ல. ரெண்டாங்கட்டுக்குப் போக எந்திரிச்ச அப்பத்தா, அறுவது வருஷமா இருட்டுலயே கை போற எடம், தடவுனா டேப்பு. சுவிட்ச்ச ஒரு தடவ அமத்திப் போட்டிருந்தாலே எரிஞ்சிருக்கும். நகத்தால சுரண்டுன தடம் இன்னும் அப்படியே இருக்கு. வளவுல விழுந்த நிலா வெளிச்சத்துல தூணு தூணாப் புடிச்சுக்கிட்டே போயிருக்காக. மறுநாள் யார்கிட்டயும் சொல்லல.

சிங்கப்பூர்லேருந்து போன்லயே லைட்ட அமத்துறியே தம்பி, "முழிச்சிருக்கியா அப்பத்தா"ன்னு ஒருநாளாவது கேட்டிருக்கியா? பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல்லு எல்லாம் வீடியோவுல அழகாத்தான் தெரியுது. அந்தக் கல்லுல தனியா நடக்குறது அவுகதான்.

வீடியோவ எடுத்துரு. இன்னைக்கு சாயங்காலம் டேப் எல்லாத்தையும் பிரிச்சுருவேன். கேமராவுல பாத்துட்டு எனக்குப் போன் பண்ணாத, அப்பத்தாவுக்குப் பண்ணு.