டைமிங் பெல்ட் சத்தம் போட்டுச் சொல்லாது

"பெல்ட் போகிற நேரத்தில் கீச்சென்று சத்தம் வரும், அப்போது மாற்றினால் போதும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இல்லைங்க. அப்படிக் கத்துவது பெரும்பாலும் வெளியே இருக்கும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பெல்ட். டைமிங் பெல்ட் என்பது பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பெல்ட். அதற்குப் பல் உண்டு, வழுக்கிக் கத்தாது. சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிடும். பல எஞ்சின்களில் அந்த நொடியே பிஸ்டன் இடித்து வால்வு வளையும். திம்பம் கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டால் பின்னால் வரும் லாரிக்காரர் என்ன பேசுவார் என்று எழுத வேண்டியதில்லை.

பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல் வைத்திருப்பவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் கெடும்; கையேட்டில் வருடக் கணக்கும் இருக்கும். அப்புறம், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். 1.3 ஸ்விஃப்ட் டீசலில் இந்த பெல்ட்டுக்குப் பதில் இருப்பது செயின்.