ஸ்ட்ரைக்-அவுட் ஆனவனுக்கு எதுக்குக் கைதட்டல்?

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ட்ரூ மேகி, 33 வயதில் முதல்முறையாக மேஜர் லீக் ஆட்டத்தில் மட்டை பிடித்தபோது மைதானமே கைதட்டியது பற்றி நான் போட்ட வீடியோவுக்குக் கீழே நடந்த கூத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் அவர் ஸ்ட்ரைக்-அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட். "ஸ்ட்ரைக்-அவுட் ஆனவனுக்கு எதுக்குக் கைதட்டல்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கு எழுபது சிரிப்பு எமோஜி. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

சரி, எதுக்கு என்று சொல்கிறேன். 2010-இல் கிளப்புகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்வு செய்யும் டிராஃப்டில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரை 15-ஆவது சுற்றில் எடுத்தது. அந்தச் சுற்றில் வருகிறவர்களை யாரும் நட்சத்திரமாக நினைத்து எடுப்பதில்லை. அப்புறம் ஏஞ்சல்ஸ், டாட்ஜர்ஸ், கிளீவ்லாந்து, மினசோட்டா, பிலடெல்பியா என்று கிளப் கிளப்பாக, மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் வாழ்க்கை. ஷார்ட் ஸ்டாப், இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ், எங்கே நிற்கச் சொன்னாலும் நின்றார். 2021 செப்டம்பரில் மினசோட்டா மேஜர் லீக் அணிக்குக் கூப்பிட்டது. பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு பந்துகூட ஆடவிடாமல் திருப்பி அனுப்பியது. மறுபடியும் மைனர் லீக்.

அந்தப் பிழைப்பில் என்ன வரும் என்கிறீர்கள்? 2022 வரை மைனர் லீக்கின் ஒரு படியான டபுள்-ஏவில் ஆடுகிறவரின் குறைந்தபட்ச வருடச் சம்பளம் 13,800 டாலர். 2023-இல் யூனியன் ஒப்பந்தம் வந்த பிறகுதான் 30,250. அதே வருடம் மேஜர் லீக்கில் குறைந்தபட்சமே 7,20,000. எமோஜி போட்ட எழுபது பேரும் ஒரு வருடம் அந்த 13,800-இல் குடும்பம் நடத்திவிட்டு வந்து சிரிக்கட்டும்.

2023 ஏப்ரல் 26. வயது 33. மைனர் லீக்கில் 1,150 ஆட்டங்களுக்கு மேல் ஆடி முடித்தாயிற்று. திரும்பவும் பைரேட்ஸ் அணிக்காக, எட்டாவது இன்னிங்ஸில் ஆண்ட்ரூ மெக்கட்சனுக்குப் பதிலாக மட்டையோடு வருகிறார். பைரேட்ஸின் மைதானமான பிஎன்சி பார்க் மொத்தமும் எழுந்து நிற்கிறது. ஆள் அப்படியே நிற்கிறார், ஆட்டக்காரர் தயாராக வேண்டிய நேரத்தைக் கணக்கிடும் பிட்ச் கடிகாரம் ஓடிவிடுகிறது. தாமதத்துக்கு ஒரு ஸ்ட்ரைக்! பதிமூன்று வருடம் காத்திருந்தவருக்குச் சில நொடி தாமதமானதற்குத் தண்டனை. சிரிக்க வேண்டுமென்றால் இதற்குச் சிரிக்கலாம். அப்புறம் டாட்ஜர்ஸ் பந்து வீச்சாளர் அலெக்ஸ் வெசியாவிடம் அவுட்.

"பைரேட்ஸ் ஆட்டக்காரர் பிரையன் ரெனால்ட்ஸ் துக்க விடுப்பில் போனதால் கிடைத்த இடம்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், அதனால் என்ன? மைனர் லீக்காரனுக்கு அழைப்பு வருவதே பெரும்பாலும் அப்படித்தான். யாருக்காவது தொடை பிடித்துக்கொள்ளும், யாருக்காவது குழந்தை பிறக்கும். "33 வயதில் டபுள்-ஏவில் இருந்தால் ஒரு சின்னப் பையனின் இடம் போகாதா?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போகும். அது நியாயமான கேள்விதான், இன்றைக்கு அதைப் பேசும் மனநிலையில் நான் இல்லை.

என் அப்பா ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் தற்காலிகப் பணியாளர். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது நிரந்தரம் ஆனார். அடையாள அட்டையை லேமினேட் செய்து, தினமும் சட்டை மாட்டும் ஆணியிலேயே மாட்டி வைப்பார். வழியனுப்பு விழா அன்றைக்குச் சித்தப்பா எல்லார் முன்னாலும், "அஞ்சு மாசத்துக்கு எதுக்குடா மாலை?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து, போர்த்திய சால்வையை நான்காக மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்தார். அப்புறம் அதை வெளியே எடுக்கவே இல்லை.

அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்பீர்கள். எனக்கு ஒன்றுதான்.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 29, வாஷிங்டனில் மேகி முதல் ஹிட் அடித்தார், ஒரு ரன்னும் வந்தது. பைரேட்ஸ் 16-1 என்று ஜெயித்த ஆட்டம். அந்த ஹிட் இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார்கள், தெரியும், யாரும் வந்து சொல்ல வேண்டாம்.

அந்த எழுபதில் ஒன்று சித்தப்பா மகன் போட்டது. நான் பெயர் பார்த்தேன், தம்பி. வீடியோவை எடுக்க மாட்டேன். நாளைக் காலை மறுபடியும் போடுகிறேன்.