காலித் தட்டை எங்கே போடுவது?

ஜப்பானின் ஒசாகா நகரில், டோத்தோன்போரி என்ற தின்பண்டத் தெருவுக்குப் போனால் ஒவ்வொரு முறையும் இதே தொல்லை. ஆறு உருண்டை டகோயாகியை (ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவு உருண்டை) தின்ன இரண்டு நிமிடம். காலித் தட்டைப் போடக் குப்பைத் தொட்டி தேட இரண்டு மணி நேரம்! கையெல்லாம் சாஸ். இந்தக் கையோடு எந்தத் துணிக்கடைக்குள் நுழைவது? பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் தொட்டி உண்டு. அதன் வட்ட ஓட்டையில் பாட்டிலும் கேனும்தான் போகும். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சு வாயுத் தாக்குதல் நடந்த பிறகு பல பொது இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். சரி, புரிகிறது. ஆனால் அடிக்கு ஒரு தின்பண்டக் கடை இருக்கும் தெருவிலுமா? வாங்கிய கடைக்கே திரும்பலாம் என்றால், அந்தக் கூட்டத்தில் எபிசு பாலத்தை மறுபடி யார் கடப்பது? கடைசியில் தட்டும் குச்சியும் என் பைக்குள். அறைக்கு வந்து திறந்தால், புதுச் சட்டையெல்லாம் சாஸ் வாடை!