"நெனச்சா செஞ்சுருவான்" என்று சொல்வதை நிறுத்துங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பனில் இருந்து தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும் பல வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "அவனுக்கென்ன, நெனச்சா செஞ்சுருவான். நெனைக்க மாட்டேங்கிறான்." ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு இதைவிடக் கெடுதல் செய்யும் பேச்சு வேறு இல்லை என்பது என் கருத்து.

எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்? கடலில் ராத்திரி முழுக்கக் கண் அசராமல் வேலை பார்ப்பான். வலை சிக்கினால் முதல் ஆளாக இறங்குவான். அதே ஆள் படகு லைசென்ஸ் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை மாதக்கணக்கில் மேசையிலேயே போட்டு வைத்திருப்பான். பார்க்கிறவர்கள் "முடியும், மனசில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒன்று அபாரமாக வருவதும் இன்னொன்று சுத்தமாக வராததும்தான் இந்தக் குறைபாட்டின் முகமே.

கவனம் இல்லாமல் போவது அல்ல சிக்கல். வேண்டிய வேலையின் மேல் வேண்டிய நேரத்தில் கவனத்தை வைக்க முடியாததுதான் சிக்கல். மூளையில் டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்ற இரண்டு ரசாயனங்கள் வேலை செய்யும் விதம் மாறியிருக்கிறது. அவசரம், புதுமை, ஆபத்து, உடனே கண்ணுக்குத் தெரியும் பலன், இதில் ஏதாவது இருந்தால் வேலை தொடங்கிவிடும். "இது முக்கியம்" என்று அறிவு சொல்வதை மட்டும் வைத்துத் தொடங்காது. தள்ளிவிட்டால் நன்றாக ஓடும், செல்ஃப் அடித்தால் எடுக்காத வண்டி போல. கடலில் தள்ளிவிட எல்லாம் இருக்கிறது. கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் நேரம் மீன்வளத் துறை வைத்தது. கிளம்பும் நேரத்தை படகுத்துறையில் மற்ற படகுகள் வைக்கின்றன. சுற்றிலும் ஆள். வலையை இழுத்ததும் பாடு, அதாவது கிடைத்த மீன், தெரிந்துவிடும். லைசென்ஸ் விண்ணப்பத்தில் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

அதனால்தான் தடைக்காலம் இவர்களை உலுக்கி எடுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மற்றவர்களுக்கு அது வருமானப் பிரச்சினை. இவர்களுக்கு அதோடு நாளின் சட்டகமே காணாமல் போகிறது. முதல் வாரம் ஓய்வு, அது நியாயம். இரண்டாவது வாரம் தூக்கம் நள்ளிரவைத் தாண்டும், எழுவது பத்து மணியாகும். ஏடிஹெச்டி உள்ள பலருக்கு உடல் கடிகாரமே பின்தங்கி ஓடுவது, எனவே பிடிமானம் போனதும் வேகமாகச் சரியும். மே முடியும்போது என்ஜின் இறக்கும் வேலை, பெயின்ட், வலை, காகிதம் எல்லாம் கடைசிப் பத்து நாளில் ஒன்றாக வந்து விழும். கையில் காசில்லாத நேரத்தில் அவசரக் கூலி கொடுத்து, வட்டிக்கு வாங்கி, வீட்டில் சண்டை.

இதற்குச் செய்யக்கூடியது இருக்கிறது. தடைக்காலத்தில் தூங்கும் நேரத்தை விட்டுவிடுங்கள், எழும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுந்து, அரை மணிக்குள் வெயிலில் நிற்க வேண்டும். அலுவலகக் காகித வேலை முழுவதையும் முதல் பத்து நாளிலேயே முடிக்கப் பாருங்கள். கடலுக்குப் போகும் பழக்கம் அப்போது இன்னும் உடம்பில் இருக்கும். வலை மராமத்தைத் தனியாக வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் உட்காரும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பக்கத்தில் ஒரு ஆள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருப்பதே இந்த மூளைக்குப் பிடிமானம். அவர் மேற்பார்வை பார்க்க வேண்டியதில்லை, பேசக்கூட வேண்டியதில்லை. விண்ணப்பம் எழுதும்போதும் மச்சானையோ அக்காவையோ எதிரில் உட்காரச் சொல்லுங்கள்.

ஞாபகத்தைத் தலைக்குள் வைக்காமல், வேலை நடக்கும் இடத்தில் வைக்க வேண்டும். ஆதார், மீனவர் அடையாள அட்டை, பாஸ்புக், படகின் பதிவுச் சான்று எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பை. அந்தப் பை வாசல் கதவின் ஆணியில் தொங்க வேண்டும். பீரோவுக்குள் போனால் அது இல்லாததற்குச் சமம், ஏனென்றால் கண்ணில் படாதது இவர்கள் நினைவில் நிற்காது. எடுத்த பொருளைத் திருப்பி வைக்க ஒரே ஒரு அசைவுக்கு மேல் தேவைப்பட்டால் அந்த ஏற்பாடு ஒரு மாதம் தாங்காது.

போன் அலாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாரும் அலாரம் வைக்கிறார்கள், எல்லாரும் அணைத்துவிட்டு மறக்கிறார்கள். ஒரே சத்தம் சில நாளில் காதுக்குப் பழகிவிடுவது ஒரு காரணம். அலாரத்தில் "பேங்க்" என்று மட்டும் எழுதியிருப்பது இன்னொரு காரணம். "எந்திரி, சட்டையைப் போடு, பையை எடு" என்று முதல் அசைவை எழுதுங்கள். ஒரு வேலைக்கு இரண்டு அலாரம் வேண்டும்: கையில் இருப்பதை நிறுத்த ஒன்று, பத்து நிமிடம் கழித்துக் கிளம்ப ஒன்று. நிறுத்துவதும் இவர்களுக்குத் தொடங்குவதைப் போலவே கடினம். சத்தத்தை வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

கடலிலும் எல்லாம் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பாடு நன்றாக இருக்கும்போது அதிலேயே மூழ்கி, ஜிபிஎஸ்ஸைப் பார்க்க மறப்பது இந்தக் குறைபாட்டோடு சேர்ந்தது. பாக் நீரிணையில் எல்லைக் கோடு பக்கத்தில் இருக்கும்போது அந்த மறதிக்கு என்ன விலை என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜிபிஎஸ்ஸில் எல்லை எச்சரிக்கையைக் கோட்டுக்கு வெகு முன்னாலேயே ஒலிக்கும்படி வையுங்கள். கிளம்பும் முன் பார்க்க வேண்டியதை வீல்ஹவுஸ் சுவரில் பெயின்டால் எழுதுங்கள்: டீசல், ஐஸ், குடிதண்ணீர், விஎச்எஃப் ரேடியோ, உயிர்காப்புச் சட்டை, காகிதப் பை. ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். மனசுக்குள் சரிபார்ப்பது சரிபார்ப்பே இல்லை.

காசு விஷயத்தில் சுருக்கமாக. பங்கு கையில் வரும் அந்த ஒரு மணி நேரம்தான் ஆபத்து. வீட்டுச் செலவுக்கான பகுதியைப் படகு முதலாளியான சம்மாட்டியே நேராக மனைவி கணக்கில் போட்டுவிடும்படி பேசிவைப்பது நல்லது. ஒரு படகில் முன்பணம் வாங்கியிருக்கும்போது அடுத்த படகில் வாங்குவது, நினைத்த மாத்திரத்தில் நடந்துவிடுகிற காரியம். புது முன்பணத்துக்கு ஒரு ராத்திரி கழித்துத்தான் பதில் என்று குடும்பத்தோடு முடிவு செய்துகொள்ளுங்கள். நகைக்கடன் கெடு தேதியைக் காலண்டரில் பதினைந்து நாள் முன்னால் வட்டமிடுங்கள்.

பெண்களைப் பற்றி நிறையப் பேச வேண்டும், யாரும் பேசுவதில்லை. பெண்களிடம் துள்ளலும் ஓட்டமும் குறைவாகவும், உள்ளுக்குள் கவனம் அலைவது அதிகமாகவும் இருப்பது வழக்கம். பள்ளியில் அமைதியான பிள்ளை என்று விட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பால் பொங்குகிறது, அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறது, காயப்போட்ட கருவாட்டை மழை நனைக்கிறது, பிள்ளையின் தடுப்பூசித் தேதி தவறுகிறது. ஆணுக்கு "விளையாட்டுப்புத்தி" என்று போகிற அதே தவறுக்குப் பெண்ணுக்கு "வளர்ப்பு சரியில்லை" என்று பெயர். இதை மறைக்க அவர்கள் இரண்டு மடங்கு பாடுபடுகிறார்கள், பிறகு பதற்றமும் மனச்சோர்வுமாக மருத்துவரிடம் போகிறார்கள், அதற்கு மட்டும் மாத்திரை கிடைக்கிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கவனம் இன்னும் மோசமாவதைப் பலர் உணர்கிறார்கள். மருத்துவரிடம் அதையும் சொல்ல வேண்டும். கர்ப்பம், பாலூட்டல் என்றால் மருந்தைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள்.

மறப்பவர் எல்லாருக்கும் ஏடிஹெச்டி கிடையாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளில் ஐந்தோ, மிகைச்செயல்பாட்டுக்கான ஒன்பதில் ஐந்தோ இருக்க வேண்டும். நாற்பது வயதில் திடீரென்று தொடங்கிய மறதி வேறு ஏதோ. தைராய்டு, ரத்தசோகை, குறட்டையோடு கூடிய தூக்கக் கோளாறு, மது, மனச்சோர்வு எல்லாம் இதே வேஷத்தில் வரும். ஏடிஹெச்டியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. போகும்போது பழைய பள்ளி மதிப்பெண் அட்டையும், சின்ன வயதில் உங்களை வளர்த்த ஒருவரும் கூட வரட்டும். அம்மா, பெரியம்மா, மூத்த அக்கா யாரானாலும் சரி. "சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருக்கும்போதே தெருவுக்கு ஓடிருவான்" என்று அவர்கள் சொல்லும் ஒரு வரி மருத்துவருக்குப் பெரிய ஆதாரம்.

நம் பக்கத்தில் மனநலம் என்றாலே ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த ஊர். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதையே தடை செய்திருக்கிறது. ஏடிஹெச்டிக்குப் போவது என்றால் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வருவதுதான்.

மருந்து பற்றி. மெத்தில்ஃபெனிடேட் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டப்படும். சாதாரண வகை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும், நீண்ட நேர வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறலாம். எனவே இரண்டையும் அளந்த பிறகே தொடங்க வேண்டும். குடும்பத்தில் யாராவது சிறுவயதில் இதயக் கோளாறால் திடீரென இறந்திருந்தாலும், இருதுருவ மனநோய் இருந்தாலும் மறைக்காதீர்கள். ராத்திரியில்தான் வேலை என்றால் அதையும் சொல்லுங்கள், மாத்திரை நேரம் உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்றபடி அமைய வேண்டும். கடலில் குடிக்கும் பாலில்லாத கட்டாந்தேநீரின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இரண்டும் சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும். மருந்தை ஈரம் புகாத திருகுமூடி டப்பாவில், அந்த நடைக்குத் தேவையான அளவு மட்டும் எடுத்துப் போங்கள்.

மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் பட்டியலில் உள்ளது. மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும், ஊர்க்கடையில் இராது. மதுரை வரை போக வேண்டியிருக்கலாம். மாத்திரை பத்து மிச்சமிருக்கும்போதே கிளம்புங்கள், தீர்ந்த பிறகு கிளம்பும் திறனும் சேர்ந்தே தீர்ந்துவிடும். அட்டோமாக்ஸெட்டின் என்ற இன்னொரு மருந்தை வாங்குவது எளிது. தினமும் சாப்பிட்ட பிறகு போட வேண்டும், வெறும் வயிற்றில் குமட்டும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டக் கூடாது, பொடி கண்ணில் பட்டால் எரியும்.

கீழக்கரை, தொண்டிப் பக்கத்தில் இருந்து துபாய், அபுதாபி போகிற பிள்ளைகளுக்கும் வாப்பாமார்களுக்கும் ஒன்று. அமீரகத்தில் மெத்தில்ஃபெனிடேட் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. கிளம்பும் முன்பே அந்நாட்டு அரசின் இணையதளத்தில் அனுமதி வாங்க வேண்டும். மருந்தின் வேதிப்பெயர், அளவு, நோயின் பெயர் எழுதிய மருத்துவர் கடிதம், மூலச் சீட்டு இரண்டும் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். கடைக்காரர் கொடுத்த பெட்டியிலேயே மருந்தை வையுங்கள், வேறு டப்பாவில் மாற்றாதீர்கள். ஊரில் இருந்து வருகிறவரிடம் "ரெண்டு அட்டை கொண்டு வாங்க காக்கா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அவர் பெட்டியில் பிடிபட்டால் சிக்குவது அவர்தான்.