பால் குறைந்தால் சாரையா பொறுப்பு?

எங்கள் ஊரில் பசுவின் மடியில் பால் குறைந்தால் போதும், சாரைப்பாம்புக்குச் சாவு நிச்சயம். நேற்றும் அடுத்த வளவில் ஒன்றை அடித்துப் போட்டார்கள். இரவில் வந்து பசுவின் பின்னங்காலைச் சுற்றிப் பிணைத்துக்கொண்டு பால் குடித்ததாம். கண்டது யார் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் யாரோ சொன்னதுதான்!

பொல்லால் அடித்ததில் வயிறு கிழிந்து, அகழான் எலி ஒன்று வாலோடு வெளியே கிடந்தது, மயிரெல்லாம் நனைந்து ஒட்டியபடி. "அண்ணை, பால் எங்கே?" என்று அடித்தவரிடம் கேட்டேன். "அது செமித்திருக்கும் தம்பி" என்றார். எலி அப்படியே கிடக்கிறது, பால் மட்டும் செமித்துவிட்டதாம். இவர்களோடு என்ன பேசுவது?

பாம்புக்கு உறிஞ்சிக் குடிக்க உதடும் இல்லை, கன்னமும் இல்லை. இருப்பதெல்லாம் உள்நோக்கி வளைந்த ஊசிப்பற்கள். அந்த வாயை முலைக்காம்பில் வைத்தால் பசு அசையாமல் நிற்குமா? கறக்கும்போது நகம் கொஞ்சம் பட்டாலே வாளியை உதைத்து உருட்டுகிற மாடு அது!

அமெரிக்காவிலும் கொட்டில்களில் திரியும் ஒரு பாம்பின் மேல் இதே பழியைப் போட்டு, பால் பாம்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது தின்பதோ எலி, பல்லி, முட்டை, மற்றப் பாம்புகள். கொட்டிலுக்கு அது வருவது எலிக்காக. இங்கே தவிட்டையும் வைக்கோலையும் தேடி எலி வருகிறது, எலியைத் தேடிச் சாரை வருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

பால் குறைந்த காரணம் வேண்டுமா? கயிற்றை அறுத்துக்கொண்டு இரவில் குடித்த கன்றைப் பாருங்கள். மடி வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காலபோகம் என்கிற மழைக்கால நெல்லை விதைத்த பிறகு மாட்டை விட மேய்ச்சல் தரை இல்லாமல் அலைகிறோமே, அதைக் கேளுங்கள். அதைக் கேட்கக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு நடக்கவேண்டும், சாரையை அடிக்கப் பொல்லு போதும்.

இப்போது அடித்தவர்களுக்குப் புதுப் பயம். இணை தேடி வந்து பழிவாங்குமாம்! புதூர்க் கோயிலில் இருக்கிற பாம்புத் தெய்வம் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார்கள்.

விஷமே இல்லாத சாரையைத் துரத்தித் துரத்தி அடித்த இதே ஆட்கள்தான் இருட்டில் வெறுங்கையோடு வயலுக்குத் தண்ணீர் மாறப் போகிறார்கள். வரம்பில் புடையன் (கண்ணாடி விரியன்) படுத்திருக்கும். கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. இவர்களோ கடிவாயில் விஷக்கல் வைக்கிற வைத்தியரைத் தேடி ஒழுங்கை ஒழுங்கையாக அலைவார்கள். சாரையிடம் காட்டிய வீரத்தில் பாதியை ஒரு டோர்ச் வாங்குவதில் காட்டக்கூடாதா?