“முடியாதென்றால் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டியதுதானே” என்றவர்களுக்கு

என் மகளின் பள்ளியில் வெள்ளிக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்தைப் பற்றி இனிப் பேசுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நான் எழுந்து கேட்ட ஒற்றைக் கேள்வியை வெட்டிவிட்டு, அதற்கு இன்னொரு பெற்றோர் சொன்ன பதிலை மட்டும் யாரோ குழுக்களில் சுற்றவிட்டிருக்கிறார்கள். கருங்கல்லிலிருந்து குலசேகரம் வரை உள்ள உறவுக்காரர்கள் மூன்று நாளாக அழைத்து விசாரிக்கிறார்கள். அந்தப் பதில்தான் மேலே தலைப்பில் இருக்கிறது. அதற்குப் பலர் சிரித்ததும் பதிவாகியிருக்கிறது. நான் கேட்டதையும் எல்லாரும் கேட்கட்டும்: இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே இரவில் நான்கு பாடங்களுக்கு வீட்டுப்பாடம் எதற்கு?

என் மகளுக்கு ஏழு வயது. காலை ஏழேகாலுக்கு வேன் ஏறுகிறவள் மாலை ஐந்து மணிக்குத்தான் வந்து இறங்குகிறாள். புதன்கிழமை அவளுடைய டைரியில் இருந்தவை: ஆங்கிலச் சொற்கள் பத்து, ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஏழாம் வாய்ப்பாடு மூன்று முறை, தமிழில் ஒரு பக்கம் பார்த்தெழுதுதல், சூழ்நிலையியலில் நான்கு கேள்வி பதில். இரவு ஒன்பதரைக்கு, நாலு வரி நோட்டில் அவளுடைய எழுத்துகள் கோட்டை விட்டுக் கீழே இறங்கத் தொடங்கின. ஒரு சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாள். அழித்தாள், அழித்த இடத்தில் தாள் கிழிந்தது. நடுவிரலில் பென்சில் பதிந்த பள்ளத்தை மறுகையால் தடவிக்கொண்டே “அம்மா, கை நோவுது” என்றாள். “இன்னும் ரெண்டு வரிதான் மக்கா” என்று சொன்னேன். அந்த இரண்டு வரிக்குப் பிறகும் ஒரு பக்கம் கிடந்தது என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

இது என் சொந்த விருப்பம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதத்தில் உத்தரவிட்டவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. 2020இல் வந்த பள்ளிப் பை கொள்கை, மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கே வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. வாரத்துக்கு என்பதைக் கவனியுங்கள். புதன்கிழமை என் மகள் ஒரே இரவில் அதைத் தாண்டிவிட்டாள், அதுவும் வீட்டுப்பாடமே இருக்கக்கூடாத வகுப்பில். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று வகுத்திருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். சிறு பிள்ளைக்குக் குறைந்தது அவ்வளவு என்றுதான் சட்டமே கேட்கும்போது, பள்ளியும் வேனுமாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கிற இரவையும் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

“நாங்களும் எழுதித்தானே வளர்ந்தோம்” என்கிறார்கள். எழுதி வளர்ந்தவள்தான் நானும், அவர்கள் சிரித்த அதே சர்க்கார் பள்ளிக்கூடத்தில். என் அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தாள். முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு அவள் விரல்கள் எப்போதும் கறுத்தும் உரிந்தும் இருக்கும். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் ராத்திரியில் நான் எழுதும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். நோட்டைத் தொடமாட்டாள். “நீயே புரட்டு மக்கா, எனக்க கையில கறையாக்கும்” என்பாள். ஒருநாள் ஆசைப்பட்டு, சேலைத் தலைப்பால் பிடித்து ஒரு பக்கத்தைப் புரட்டினாள். அப்படியும் ஓரத்தில் கறை ஒட்டிவிட்டது. மறுநாள் அந்தக் கறைக்காக நான் வகுப்பு முடியும்வரை நின்றேன். வீட்டில் யாரும் சொல்லித்தராததால் தப்பாகப் போட்ட கணக்குக்கு நூறு தடவை இம்போசிசன் எழுதினேன். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் அப்பா வாத்தியார். அவள் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். சிறு பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் மதிப்பெண் வாங்குவது அந்த வீடு. அம்மாவுக்கு நேரம் இருக்கிறதா, அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியுமா, டியூசனுக்குப் பணம் இருக்கிறதா என்பதைத்தான் அந்த நோட்டு காட்டுகிறது. பிள்ளைக்கு எவ்வளவு விளங்கியது என்பதை அது காட்டுவதேயில்லை.

செல்பேசியைப் பற்றிக் கேட்பவர்களின் பேச்சில் நியாயம் உண்டு. வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் பிள்ளை அதைத்தான் கையில் எடுக்கும் என்கிறார்கள். சில வீடுகளில் அப்படி நடக்கவும் செய்யும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஆசிரியர்களையும் நான் குறை சொல்லவில்லை. நோட்டு நிறைந்திருந்தால்தான் நல்ல பள்ளி என்று எண்ணிக் கட்டணம் கட்டுகிறவர்கள் நாம்.

ஆனால், “தாய் வேலைக்குப் போனால் இப்படித்தான்” என்று எழுதியவர்களுக்கு என்ன சொல்வது? என் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். தக்கலையில் வேலை முடிந்து, பஸ் பிடித்து நான் வீடு வரும்போது மணி ஆறரை. அதுவரை என் மகளைப் பார்த்துக்கொள்வது அதே அம்மாதான். அண்டி ஆபீசை விட்டு வருடங்கள் ஆகியும் அவளுடைய நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. பேத்தியின் ஆங்கில நோட்டுக்கு முன்னால், அன்று என் நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது போலவேதான் இன்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற என்னிடமா சிரித்தீர்கள்?

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு குமரி மாவட்டம் தமிழ்நாட்டில் முதலிடம், அது இப்படி எழுதி எழுதித்தான் வந்தது என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். இந்த மாவட்டத்து மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி பள்ளிக்கூடம் தொடங்கியது 1809இல். அதன்பின் இந்த மண்ணில் எழுத்து படித்த முதல் தலைமுறைப் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் நோட்டைப் பார்த்துத் திருத்த ஆள் இருந்தது? பனையேறியவர்களும் வயலில் நின்றவர்களும் எந்த டைரியில் கையெழுத்துப் போட்டார்கள்? வீட்டில் கிடைக்காததைப் பள்ளிக்கூடம் கொடுத்ததால்தான் நாம் படித்தோம். சர்க்கார் பள்ளிக்கூடங்களும் அதைத்தான் செய்தன, இன்றும் செய்கின்றன. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் எத்தனை பேரின் அப்பா அம்மா அங்கே படித்தவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த 2020ஆம் ஆண்டுக் கொள்கையில் ஓரிடம் உண்டு. சின்ன வகுப்புப் பிள்ளைகள் நேற்று மாலை வீட்டில் என்ன விளையாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று வகுப்பில் பேச வையுங்கள் என்கிறது. என் மகளிடம் கேட்டுப்பார்த்தேன். “எழுதினேன்” என்றாள். அவள் பாட்டி முற்றத்தில் உட்கார்ந்து பயறு உரித்ததையோ, அன்று ராத்திரி மரச்சீனிக்கிழங்கும் மீனும் வைத்ததையோ அவள் பார்க்கவேயில்லை.

நேற்று ஒன்பது மணிக்கு நோட்டை மூடிவிட்டேன். டைரியில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, “பிள்ளை உறங்கிவிட்டாள். இரண்டு பக்கம் எழுதவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன்” என்று எழுதி, கீழே என் பெயரை முழுதாக எழுதினேன்.