சேமித்ததாகச் சொல்லிவிட்டு எங்கே வைத்தாய்?

பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்திற்கு நான்கு நாள் இருந்தது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு படக்கடையில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றேன். எந்தப் படத்தைச் சட்டம் போடுவது என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்திருந்தோம். போன வருடம் பட்டர்வொர்த்தில் மண்டபம் எடுத்துக் கொண்டாடிய எண்பதாவது பிறந்தநாளில், பேத்தி காதில் ஏதோ சொன்னதற்குப் பாட்டி பல் தெரியச் சிரித்தார். அந்தப் படம்தான். கேமராவைக் கண்டாலே முகத்தை இறுக்கிக்கொள்பவர் அவர். சிரித்த படம் அது ஒன்றே ஒன்று.

கேலரியைத் திறந்தேன். இல்லை. கோப்புகளில் தேடினேன். இல்லை. "மெதுவா பாருங்கண்ணே" என்று கடைக்காரர் நாற்காலி போட்டார். அரை மணி நேரம் தேடியும் ஒரு படம்கூட இல்லை.

புகைப்படக்காரர் அந்தப் படங்களை ஒரு செயலி வழியாகத்தான் கொடுத்தார். மூன்று மாதம்தான் இருக்கும், அதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள் என்று முதல் நாளே சொன்னார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் இறக்கினேன். வேலை முடிந்து வந்து, இரண்டு இரவு உட்கார்ந்து, 186 படங்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் கீழே பச்சை டிக்குடன் 'உங்கள் கைப்பேசியில் சேமிக்கப்பட்டது' என்று வந்தது. ஃபெரியில் லைன் இல்லாத நேரத்தில்கூடத் திறந்து பார்த்தேன், படம் வந்தது. இதற்குமேல் ஒருவன் எதைச் சோதிப்பான்?

அப்புறம் கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டது. படங்கள்தான் சேமித்தாகிவிட்டதே என்று அந்தச் செயலியை நீக்கினேன். 186 படங்களும் அதோடு போய்விட்டன. கடையில் நின்றுகொண்டே மறுபடி நிறுவிப் பார்த்தேன். ஆல்பம் காலாவதியாகிவிட்டது என்று வந்தது.

அக்கா மகன் பாயான் லெப்பாஸில் மென்பொருள் வேலை பார்க்கிறான். அவன்தான் விளக்கினான்: "மாமா, ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு செயலிக்கும் சொந்தமா ஒரு அறை இருக்கு. அது படத்த அங்கதான் வச்சிருக்கு. கேலரிக்கு அந்த அறை தெரியாது. செயலிய எடுத்தா அறையையும் சேர்த்து துடைச்சிடும்." அப்படியென்றால் அது என் கைப்பேசியில் சேமித்ததாகுமா? என் படத்தை வாங்கித் தன் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு, உன் வீட்டில்தான் வைத்திருக்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது பொய். 186 தடவை சொன்ன பொய்.

அந்த நிறுவனத்திற்கு எழுதினேன். ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு விதிகள் கடுமையாகிவிட்டதால் பொது இடத்தில் படத்தை வைக்க முடிவதில்லை என்று பதில் வந்தது. படித்ததும் உடம்பெல்லாம் கொதித்தது. விதிகள் மாறியது உண்மை. முன்பெல்லாம் சேமிப்பக அனுமதி ஒன்றை வாங்கிவிட்டால், செயலி உங்கள் படங்கள், கோப்புகள் எல்லாவற்றையும் துழாவலாம். அதைத்தான் 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 கட்டுப்படுத்தத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அதே ஆண்ட்ராய்டு 10 இன்னொரு கதவையும் திறந்துவைத்தது. மீடியாஸ்டோர் என்று ஆண்ட்ராய்டிலேயே இருக்கும், படங்களைப் பொது இடத்தில் சேர்க்கும் வசதி வழியாக ஒரு செயலி தன் படத்தைப் பொதுவான பிக்சர்ஸ் கோப்புறையில் போட எந்த அனுமதியும் தேவையில்லை! அங்கே போட்டால் படம் கேலரியில் தெரியும், செயலியை நீக்கினாலும் அப்படியே இருக்கும். ஐபோனிலும் 2017 முதலே, உள்ளே இருக்கும் படங்களைப் பார்க்காமல் புதிய படத்தைச் சேர்க்க மட்டும் அனுமதி கேட்கும் வழி இருக்கிறது. முடியாமல் இல்லை, செய்யவில்லை. செய்யாததற்குப் பாதுகாப்பின்மேல் பழி போடுகிறார்கள்.

அதைவிட வயிறு எரிந்தது இன்னொன்றைக் கேட்டபோது. செயலியை நீக்கும்போது 'இதன் தரவை வைத்திருக்கவா?' என்று கைப்பேசியே நம்மைக் கேட்க வைக்கலாமாம். செயலியை எழுதுகிறவர் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதுமாம். அதுவும் ஆண்ட்ராய்டு 10-இலிருந்தே உண்டு. ஒரு வரி! அந்தக் கேள்வி ஒரு தடவை வந்திருந்தால் என் விரல் நின்றிருக்கும்.

கணினிக்காரர்கள் இதைச் சின்ன விஷயம் என்பார்கள். கோப்பு எந்தக் கோப்புறையில் இருந்தால் என்ன, கோப்புதானே என்பார்கள். எங்கள் அம்மாவுக்குக் கோப்புறை என்றால் என்னவென்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சேமிக்கப்பட்டது என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: இனி தொலையாது. அந்தச் சொல்லைத் திரையில் போடுகிறவர்களுக்கு அந்த அர்த்தத்தைக் காப்பாற்றும் கடமை இருக்கிறது.

அந்தப் படம் கடைசியில் அத்தையின் வாட்ஸ்அப்பில் கிடைத்தது. யாரோ அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, அளவு சுருங்கிப்போன பிரதி. "இத பெரிசாக்குனா முகம் கலங்கிடும்ணே, 4ஆர்தான் போட முடியும்" என்றார் கடைக்காரர். மாலை போட வாங்கிய பெரிய சட்டத்தின் நடுவே உள்ளங்கை அளவில் பாட்டி சிரித்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

நேற்று அந்த நிறுவனத்திற்கு இரண்டாவது கடிதம் அனுப்பினேன். படத்தைக் கேலரியில் வையுங்கள், இல்லையென்றால் அந்தப் பச்சை டிக்கை எடுத்துவிட்டு, 'இந்தச் செயலியை நீக்கினால் இந்தப் படம் அழிந்துவிடும்' என்று அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.